பிரெக்சிட்: நேற்று வந்தவனுக்கு எதற்கு வாக்கு?

கேள்வி, 22 ஜூன் 2025

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் வாக்களித்தார்கள் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஒரு நாட்டின் தலையெழுத்தை வெளிநாட்டுக்காரன் தீர்மானிக்க எந்த நாடு விடும்? கதை என்று நினைக்கிறேன். உண்மையானால், நம்மவர்கள் எந்தப் பக்கம் போட்டார்கள்?

23 ஜூன் 2025

கதை இல்லை. நானே போட்டேன்.

2016 ஜனவரியில் நிறுவனம் அனுப்பி லண்டன் ஈஸ்ட் ஹாமில் இறங்கினேன். ஜூன் 23-இல் வாக்கெடுப்பு. நாட்டுக்குள் நுழைந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. முறையான விசாவோடு அங்கே குடியிருக்கும் காமன்வெல்த் குடிமகனுக்கு வாக்குரிமை உண்டு. இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கையர், நைஜீரியர் எல்லாரும் இதில் அடக்கம். பேரரசு நடத்திய காலத்தில் எல்லாரும் ஒரே மன்னரின் குடிகள் என்றிருந்ததன் மிச்சம் இது. பேரரசு போய்விட்டது, பட்டியலில் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இதற்கு எதிர்ப்புறம் பாருங்கள். அதே தெருவில் பன்னிரண்டு வருடமாக வரி கட்டும் போலந்துக்காரருக்கு வாக்கு இல்லை. ஆங்கிலேயரின் பிரெஞ்சு மனைவிக்கு இல்லை. ஐரோப்பிய நாட்டவரில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் ஆட்களுக்கு மட்டும் உண்டு. யாருடைய வாழ்க்கையைப் பற்றிய கேள்வியோ அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, எனக்குச் சீட்டு கொடுத்தார்கள்.

ஜூன் 7 இரவு கடைசித் தேதி என்று எல்லாரும் ஒரே நேரத்தில் இணையத்தில் பதியப் போய் அரசாங்கத் தளமே படுத்துவிட்டது. 9-ஆம் தேதி வரை நீட்டினார்கள். அந்த நீட்டிப்பில் பதிந்தவன் நான். சும்மா ஓர் ஆர்வம்தான்.

வாக்களித்த அன்று காலையிலிருந்து இடியும் மழையும். கிழக்கு லண்டனில் தெருவெல்லாம் வெள்ளம். நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெயரும் விலாசமும் கேட்டார்கள். அடையாள அட்டை கேட்கவில்லை, விரலில் மை இல்லை, போலீஸ்காரர்கூட இல்லை. அட்டைத் தடுப்புக்குள் நூலில் கட்டிய ஒரு பென்சில். திருநெல்வேலியில் மின்னணு இயந்திரத்தில் பொத்தானை அழுத்திப் பழகியவனுக்கு, ஒரு நாட்டின் நாற்பது வருட உறவைப் பென்சிலால் தீர்ப்பது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது.

முடிவு எல்லாருக்கும் தெரியும். வெளியேற 51.9 சதவீதம், இருக்க 48.1. லண்டன் முழுக்க 'இருப்போம்' என்றது, அதைச் சுற்றியிருந்த இங்கிலாந்து 'போவோம்' என்றது.

23 ஜூன், இரவு

'லண்டன் முழுக்க' என்று எழுதியது தவறு. ஒட்டுமொத்த லண்டனில் 60 சதவீதம் 'இருப்போம்', அது சரி. ஆனால் பரோ எனப்படும் 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஐந்து வெளியேறச் சொன்னவை: பார்க்கிங் அண்ட் டாகெனம், ஹேவரிங், பெக்ஸ்லி, சட்டன், ஹில்லிங்டன். பார்க்கிங் எனக்கு அடுத்த ரயில் நிலையம். ஒரு நிறுத்தம் தாண்டினால் 62 சதவீதம் 'போவோம்'. ஈஸ்ட் ஹாம் அடங்கிய எங்கள் நியூஹாம் பரோவிலேயே 'இருப்போம்' 53-ஐத் தொடவில்லை.

25 ஜூன்

"பேருந்தில் எழுதிய பொய்யை நம்பி ஏமாந்தார்கள், அவ்வளவுதான்" என்கிறார் ஒருவர். அவ்வளவுதான் என்று முடிக்க முடியாது.

வெளியேறச் சொன்ன அணியின் பிரசாரத்துக்கு ஓடிய அந்தச் சிவப்புப் பேருந்தில் இருந்தது இது: வாரம் 350 மில்லியன் பவுண்டை ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை நம் பொது மருத்துவத்துக்குக் கொடுப்போம். 350 என்பது கழிவுக்கு முந்தைய தொகை. 1984-இல் அன்றைய பிரதமர் தாட்சர் சண்டை போட்டு வாங்கிய தள்ளுபடி, பணம் போவதற்கு முன்பே கழிந்துவிடும். பிறகு நிற்பது ஏறத்தாழ 250. அதிலும் ஒரு பங்கு விவசாய மானியமாகவும் பின்தங்கிய ஊர்களுக்கான நிதியாகவும் திரும்பி வந்தது. நாட்டின் புள்ளிவிவர ஆணையமே அந்த எண்ணைத் தவறாக வழிநடத்துவது என்று கண்டித்தது. பேருந்து ஓடிக்கொண்டேதான் இருந்தது.

ஆனால் எதிர்ப்பக்கத்தின் பேச்சையும் கேட்டவன் நான். வெளியேறினால் வீடு விலை விழும், வேலை போகும், உடனடியாக அவசர பட்ஜெட் போட வேண்டிவரும் என்று நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் மிரட்டினார். பழைய தொழில் ஊர்களான சண்டர்லாந்திலும் போர்ட் டால்பட்டிலும் வேலை போய் முப்பது வருடம் ஆனவனிடம் போய் வேலை போகும் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? டாடாவின் எஃகு உலை அப்போது இருந்த நீத் போர்ட் டால்பட்டில் 57 சதவீதம் வெளியேறத்தான் போட்டார்கள். ஒன்றியத்தில் இருந்தால் என்ன கிடைக்கும் என்று ஒருவரும் மகிழ்ச்சியோடு சொல்லி நான் கேட்கவில்லை. எல்லாம் பயமுறுத்தல்.

நமக்கென்று தனியாக ஒரு தூண்டிலும் போட்டார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவதைக் குறைத்தால் தெற்காசியச் சமையல்காரர்களுக்கு விசா கிடைக்கும், கறி உணவகங்களைக் காப்பாற்றலாம் என்று அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி படேல் பிரசாரம் செய்தார். வங்கதேச உணவக உரிமையாளர் சங்கம் அதை நம்பி ஆதரித்தது. பின்னால் அவரே உள்துறை அமைச்சரானார். சமையல்காரர்கள் வந்து குவியவில்லை. உணவகக்காரர்கள் ஏமாந்தோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள்.

26 ஜூன்

பென்சிலைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், உளவுத்துறை அழித்து மாற்றிவிடும் என்று பயந்து அன்று பலர் வீட்டிலிருந்து பேனா கொண்டுபோனார்கள். நம் ஊரில் இயந்திரத்தைச் சந்தேகிக்கிறோம், அவர்கள் பென்சிலைச் சந்தேகித்தார்கள்.

இன்னொன்று. வெளியேறிய பெருமைக்காகக் கடவுச்சீட்டின் நிறத்தைப் பழைய நீலத்துக்கு மாற்றினார்கள். அச்சடிக்கும் ஒப்பந்தம் ஓர் ஐரோப்பிய நிறுவனத்துக்குப் போய், புத்தகம் போலந்தில் தயாராகிறது.

29 ஜூன்

'வாக்கில்லாத ஐரோப்பியர்' என்றதும் எல்லாரும் வெள்ளைக்காரரையே நினைக்கிறீர்கள். நான் நினைப்பது ஒரு யாழ்ப்பாணத்துக்காரரை.

ஈஸ்ட் ஹாமில் நான் காய்கறி வாங்கிய கடைக்காரர். நான் 'அண்ணை' என்பேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். எண்பதுகளின் கடைசியில் தப்பி ஓடி நெதர்லாந்தில் அகதியாகி, டச்சுக் குடியுரிமை வாங்கி, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று 2002-இல் லண்டனுக்கு வந்தவர். ஐரோப்பாவின் பல நாடுகளில் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் குடும்பங்கள் இப்படி வந்தன. அப்போது டச்சுக் கடவுச்சீட்டு கையில் இருந்தால் விசா கிடையாது, கட்டணம் கிடையாது. கப்பலேறி வந்து கடையைத் திறக்க வேண்டியதுதான்.

2016 மே 5-இல் லண்டன் மேயர் தேர்தல். அண்ணை வாக்களித்தார், அதற்கு அப்போது ஐரோப்பியக் குடிமக்களுக்கும் உரிமை இருந்தது. ஏழு வாரம் கழித்து வந்த வாக்கெடுப்பில் உரிமை இல்லை. என் வாக்காளர் சீட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நீர் தை மாதம் வந்தவர். நான் இந்தத் தெருவில் பதினான்கு வருடம். உமக்கு வாக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. சரி, என்னுடையதையும் சேர்த்து நீரே போடும்."

அவருடைய அம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கீரைக்கட்டில் பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அப்போது ஒன்றியச் சட்டப்படி தன்னைச் சார்ந்திருக்கும் பெற்றோரை அண்ணை அழைத்துக்கொள்ள முடிந்தது, அனுமதிக்குக் கட்டணமும் இல்லை. பிரிட்டிஷ் குடிமகன் ஒருவன் தன் தாயை அழைத்துவர நினைத்தால் 2012-க்குப் பிறகு வந்த விதிகளில் அது ஏறக்குறைய முடியாத காரியம். சொந்தக் குடிமகனுக்கு இல்லாத வசதி டச்சுக்காரருக்கு.

பாகற்காய்க் கதையும் இந்தக் கடையில்தான். 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தோடு பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேப்பங்கிழங்குக்கும் ஒன்றியம் தடை போட்டது, பூச்சி இருக்கிறதாம். மாம்பழத் தடையை மறு வருடம் ஜனவரியில் நீக்கினார்கள். மற்றவற்றுக்கு அப்போது நீக்கவில்லை. "மாம்பழத்துக்குப் பேச அமைச்சர் இருக்கிறார், பாகற்காய்க்கு யார் இருக்கிறார்கள்" என்பார் அண்ணை. வேறு நாட்டுப் பாகற்காய் வந்தது. கசப்பே இல்லை என்று அவருக்கு மனக்குறை.

30 ஜூன்

"ஆசியர்கள் எல்லாரும் இருக்கவே போட்டார்கள், கணிப்பு இருக்கிறது" என்று மறுத்தவருக்கு: எல்லாரும் இல்லை. வாக்களித்து வந்தவர்களிடம் மைக்கேல் ஆஷ்கிராப்ட் எடுத்த பெரிய கணிப்பில் ஆசிய வம்சாவளியினர் மூன்றில் இரண்டு பங்கு 'இருப்போம்'. அதாவது மூன்றில் ஒருவர் 'போவோம்'. ஸ்லவ், லூட்டன் போன்ற நம் ஆட்கள் நிறைந்த ஊர்களிலும் 'போவோம்' வென்றது. அங்கே போட்டவர்கள் நம் ஆட்கள்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் கோயிலிலும் கடையிலும் நான் கேட்ட பேச்சோடு ஒத்துப்போகிறது.

4 ஜூலை

"நானே போட்டேன் என்று பத்தி பத்தியாக எழுதினீர்கள். எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லவில்லை." கண்டுபிடித்துவிட்டார் ஒருவர்.

வெளியேறப் போட்டேன்.

முதலில் காரணத்தைப் பெரிதாக எழுதலாம் என்று நினைத்தேன்: நாடாளுமன்ற இறையாண்மை, ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸின் அதிகாரம் என்று. எழுதியும் பார்த்தேன், அழித்துவிட்டேன். காரணம் அது இல்லை.

அந்த ஜூலையில் மனைவிக்குப் பிரசவம். அம்மா வந்து மூன்று மாதம் இருக்கட்டும் என்று ஏப்ரலில் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தோம். வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், என் சம்பளச் சீட்டு எல்லாம் வைத்தோம். மே மாதம் மறுத்துவிட்டார்கள். ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லையாம். அறுபத்துநாலு வயது, வீட்டில் இரண்டு மாடு. மாட்டை விட்டுவிட்டு ஈஸ்ட் ஹாமில் ஒளிந்துகொள்வாராம். அதே மாதத்தில் உடன் தங்கியிருந்த நண்பர் மூட்டை கட்டினார். வருடத்துக்கு 35,000 பவுண்டு சம்பளம் இல்லாவிட்டால் நிரந்தரமாகத் தங்க முடியாது என்ற விதி ஏப்ரலில்தான் அமலுக்கு வந்திருந்தது.

இந்த எரிச்சலோடு தினமும் கடைக்குப் போவேன். முக்காலியில் அண்ணையின் அம்மா உட்கார்ந்திருப்பார்.

பொறாமைதான். வேறு சொல் தேடவில்லை. மழையில் நனைந்துகொண்டு போகும்போது, எனக்கில்லாத கதவு இவர்களுக்கு மட்டும் ஏன் திறந்திருக்க வேண்டும் என்றுதான் மனத்தில் ஓடியது. எப்படியும் 'இருப்போம்' ஜெயிக்கும், என் ஒரு பெருக்கல் குறியால் என்ன ஆகப்போகிறது என்ற தைரியமும் இருந்தது. அப்படி நினைத்துப் போட்டவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று விடிந்தபோது தெரிந்தது.

இரவு முழுக்கத் தொலைக்காட்சி பார்த்தேன். நள்ளிரவு தாண்டிச் சண்டர்லாந்து முடிவு வந்தது, 61 சதவீதம் 'போவோம்'. பவுண்டு மலையிலிருந்து உருட்டிவிட்டதுபோல இறங்கியது. ஒன்றரை டாலரில் இருந்தது விடியும்போது 1.33 வரை போய், முப்பது வருடத்தில் காணாத பள்ளத்தைத் தொட்டது. ரூபாய்க் கணக்கில் ஏழெட்டு ரூபாய் காலி. அப்போது ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன், அடுத்த வாரம் மாடிக்குக் காங்கிரீட். நான் போட்ட குறி என் தளத்துக்கான சிமெண்டையே குறைத்தது.

காலையில் அண்ணை கடையைத் திறந்திருந்தார். நான் எதிர்ப்புறமாக நடந்து ரயிலுக்குப் போய்விட்டேன்.

ஜூலையில் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் அண்ணையின் அம்மா ஒரு தூக்குவாளியோடு இரண்டு மாடி ஏறி வந்தார். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு அரைத்து வைத்த பத்தியக் கறி. வேர்க்கொம்பு என்பது அவர்கள் பேச்சில் சுக்கு. நாற்பத்தொரு நாளும் வந்தது. சில நாள் அண்ணையின் மகன் கொண்டுவருவான், பல நாள் அவரே ஏறி வருவார், நடுப்படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு. என் மனைவிக்கு நான் எந்தப் பக்கம் போட்டேன் என்று தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க ஒவ்வொரு முறையும் என்னைத்தான் அனுப்பினாள்.

5 ஜூலை

நன்றி கெட்டவன் என்று எழுதியவருக்கு மறுப்பு இல்லை. "உண்மையைச் சொன்னீர்கள்" என்று பாராட்டியவர்கள் தயவு செய்து நிறுத்திக்கொள்ளுங்கள், ஒன்பது வருடம் கழித்து ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல்வதற்குத் தைரியம் தேவையில்லை.

11 ஜூலை

"ஆனால் உங்கள் வாக்கு பலித்ததே, ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இப்போது ஒரே விதிதானே" என்கிறார் ஒருவர். இரண்டு நாளாக யோசித்தேன்.

ஒரு பாதி சரி. 2021 ஜனவரியிலிருந்து வேலை, சம்பளம், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு விசா கொடுக்கும் முறை, டச்சுக்காரரும் நம்மைப் போல விசா எடுக்க வேண்டும். குடியேற்றத்தைக் குறைக்கத்தான் வெளியேறினார்கள். வாக்கெடுப்புக்கு முன் வெளியான நிகர எண்ணிக்கை, அதாவது ஓராண்டில் வந்தவர்களில் போனவர்களைக் கழித்தது, 3,33,000. அதைக் கேட்டுத்தான் நாடு கொதித்தது. 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் அது ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. போலந்துக்காரர் குறைந்து இந்தியரும் நைஜீரியரும் கூடினார்கள். பார்க்கிங்கில் 'போவோம்' போட்டவர் இதையா கேட்டார்?

அந்தக் கோபம் திரும்ப நம் தலையில்தான் விடிந்தது. பராமரிப்புப் பணியாளர் குடும்பத்தை அழைத்துவர 2024 மார்ச்சில் தடை. மனைவியையோ கணவரையோ அழைக்கத் தேவையான வருமானம் 18,600 பவுண்டிலிருந்து 29,000. பெற்றோருக்கான விதி அப்படியே இருக்கிறது. நான் வரிசையில் முன்னே போக வேண்டும் என்று நினைத்தேன். அண்ணையைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் நிறுத்தினார்கள், வரிசை நகரவில்லை.

பொருளாதாரத்துக்கு வந்தால், வெளியேறியதால் நாட்டின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. நாள் ஒன்றில் தெரியும் இழப்பு இல்லை, வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்குவதுபோல.

வட அயர்லாந்தைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்தோடு உள்ள ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லையில் சோதனைச் சாவடி போட்டால், அங்கே சண்டையை நிறுத்திய 1998 அமைதி உடன்படிக்கை ஆட்டம் காணும். அதனால் சோதனையைக் கடலுக்குத் தள்ளினார்கள். சொந்த நாட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தொத்திறைச்சி அனுப்புவதே தகராறாகிவிட்டது. 2023-இல் ஒன்றியத்தோடு செய்த விண்ட்சர் ஏற்பாட்டில் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள்.

12 ஜூலை

"வெளியேறிய முதல் நாடு பிரிட்டன்" என்று எழுதியவருக்கு: நாடு என்றால் ஆமாம். ஆனால் கிரீன்லாந்து அதற்கு முன்பே போய்விட்டது. டென்மார்க்கோடு சேர்ந்து 1973-இல் உள்ளே போனது, 1982-இல் 53 சதவீதம் வெளியேற வாக்களித்தார்கள், 1985-இல் கிளம்பினார்கள். ஐம்பதாயிரம் பேர், சண்டையெல்லாம் பெரும்பாலும் மீனுக்காக. அதற்கே மூன்று வருடம். பிரதமர் தெரசா மே தன் வெளியேற்ற ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைத்து 202-க்கு 432 என்று தோற்றபோது அவரிடம் யாராவது கிரீன்லாந்து கதையைச் சொல்லியிருக்கலாம்.

26 ஜூலை

நேற்று முன்தினம் இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. "பார்த்தீர்களா, ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் இது நடக்குமா" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நடக்காது, ஒன்றியத்துக்குள் இருக்கும் நாடு தனியாக வணிக ஒப்பந்தம் போட முடியாது. ஏற்கிறேன். மே மாதம் அதே பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மர் ஐரோப்பியத் தலைவர்களை லண்டனுக்கு அழைத்து, அவர்கள் படகுகளுக்கு 2038 வரை மீன் பிடிக்க அனுமதி கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதைச் சாக்காக வைத்து அண்ணைக்குத் தொலைபேசியில் பேசினேன். நான்கு வருடமாகிறது பேசி. கடை அதே இடத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தால் டச்சுக் குடியுரிமை போய்விடும் என்பதால் எடுக்கவில்லை, குடியிருப்பு அனுமதியில்தான் இருக்கிறார். 2019-இல் அதற்கு நான்தான் விண்ணப்பித்துக் கொடுத்தேன், கடையின் பின்னறையில், வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து. அப்போது அந்தச் செயலி ஆண்ட்ராய்டில் மட்டும்தான் இருந்தது. கடவுச்சீட்டின் சில்லை என் கைபேசி படிக்கவே மாட்டேன் என்றது, உறையைக் கழற்றிய பிறகு படித்தது. அவர் அம்மாவுக்கும் செய்தோம். அந்த மார்கழியில் அந்த அம்மா காலமாகிவிட்டார்.

சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் போட்டேன், எதற்காக என்று, முக்காலி வரைக்கும்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கல்லா திறந்து மூடும் ஒலி மட்டும் கேட்டது.

"தம்பி, எனக்கு வாக்கு இருந்திருந்தால் நானும் வெளியேறத்தான் போட்டிருப்பேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. "ஏன் அண்ணை?"

"பாகற்காயை நிறுத்தினவர்கள் அல்லவா."

சிரிக்கிறாரா என்று கேட்கக் காதைத் தீட்டினேன். அதற்குள் யாரோ வல்லாரை என்ன விலை என்று கேட்டார்கள், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.